பிப்ரவரி தாங்கும் எண்ணிக்கை: தீவுக் காப்பகத்தில் நிலமும் மந்தையும்

1871-ல் ரீயூனியனிலிருந்து ஒரு குடும்பம் தென் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் குடியேறப் போனது. சில மாதங்களிலேயே தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பியது. திரும்பும்போது ஐந்து மாடுகளை அங்கேயே விட்டுவிட்டது. 1980-களின் கடைசியில் அந்த ஐந்து ஏறத்தாழ 2,000 ஆகியிருந்தது. உலகத்தில் வேறெங்குமே முட்டையிடாத ஆம்ஸ்டர்டாம் அல்பட்ரோஸ் பறவைக்கு இருந்த ஒரே மேட்டுநிலத்தை அவை மிதித்துக்கொண்டிருந்தன. குறுக்கே வேலி போட்டுத் தீவைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் மாடே இல்லாமல் ஆக்கியது 2010-ல்.

இதைப் படித்தால் இயற்கைக் காப்பகத்தில் ஆடு மாடே வேண்டாம் என்று தோன்றும். எல்லாத் தீவுக்கும் அது சரிவராது. வேல்ஸ் கரையோரம் உள்ள ராம்சே, பார்ட்சி போன்ற தீவுகளில் சிவந்த அலகும் சிவந்த காலும் உள்ள சஃப் என்ற காக்கை வாழ்கிறது. புல் ஒட்ட மேய்ந்து கிடந்தால்தான் அது மண்ணைக் குத்தி வண்டுப் புழுவையும் எறும்பையும் எடுக்க முடியும். ஆட்டை எடுத்துவிட்டால் சில வருஷத்தில் புல் முழங்காலுக்கு வரும், அப்புறம் பெரணி ஏறும், அப்புறம் முள். அந்தக் காக்கைக்கு அங்கே வேலை இருக்காது. ஆக, மந்தை வேண்டும், அளவோடு வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி.

இந்தக் குறிப்புகள் அப்படியொரு தீவில் முதல் வருஷம் வேலைக்குச் சேர்பவருக்கு. நான் வேலை பார்த்தது வட அட்லாண்டிக் பக்கம் என்பதால் மாதங்களை அந்தக் கணக்கில் சொல்கிறேன். நான் பிப்ரவரி என்று சொல்லும் இடத்தில், உங்கள் தீவில் புல் வளராத, படகு வராத மாதம் எதுவோ அதைப் போட்டுப் படியுங்கள்.

1. முதல் வாரம் மந்தையை விடுங்கள், நிலத்தை நடந்து பாருங்கள்

புதிதாக வருபவர்கள் நேரே பட்டிக்குத்தான் போவார்கள். ஆட்டை எண்ணுவது ஒரு மணி நேர வேலை. நிலம் புரிவதற்கு ஒரு வாரமாவது ஆகும். தீவின் வரைபடம் ஒன்று, மூன்று கலர் பென்சில், நல்ல பூட்ஸ். போதும்.

சிவப்பு, மந்தை போகக் கூடாத இடத்துக்கு. இதில் முதலில் குறிக்க வேண்டியது பொந்து நிலம். பஃபின், மான்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் மண்ணுக்குள் பொந்தில் முட்டையிடுபவை. ஷியர்வாட்டர் மார்ச்சில் வந்து, மே மாதம் ஒரே ஒரு முட்டை போடும். குஞ்சு கடலுக்குப் போக ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆகிவிடும். கடற்காகங்களுக்குப் பயந்து இருட்டிய பிறகுதான் இவை கரைக்கு வந்து போகும். அதனால் பகலில் பார்க்கிறவருக்கு அது வெறும் புல்மேடு.

நானும் புல்மேடு என்றுதான் நினைத்தேன். வந்த மூன்றாம் நாள் குறுக்குவழியில் இறங்கினேன். கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கூட வந்தவர் "அசையாதீங்க" என்றார். மெதுவாகக் காலை எடுக்கச் சொல்லிவிட்டு, குப்புறப் படுத்து, சரிந்த மண்ணைக் கையாலேயே அள்ளி வெளியே போட்டார். தோள் வரை கை உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் "கொத்துது" என்று சிரித்தார். பறவை உயிரோடு இருந்தது. இடிந்த கூரைக்கு ஒரு தட்டைக் கல்லை மூடியாக வைத்து, மேலே புல்கட்டியை அழுத்தினார். அப்புறம் என் எடை எவ்வளவு என்று கேட்டார். எழுபது கிலோ என்றேன். "ஒரு மாடு, உங்களை மாதிரி எட்டுப் பேர்" என்றார்.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பொந்து நிலத்தில் மாடு, டிராக்டர், நாலு சக்கர பைக் எதுவும் கிடையாது. செம்மறி லேசானது, பறவைகள் கடலில் இருக்கும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை விடலாம். விட்டால் நல்லதும்கூட, புல் அடர்ந்து பொந்து வாய் மூடாது. நீங்கள் நடக்கும்போதும் குறித்த பாதையை விட்டு இறங்காதீர்கள்.

பச்சை, புல் குட்டையாக இருக்க வேண்டிய இடத்துக்கு: சஃப் இரை தேடும் பாறை விளிம்புகள், ஆள்காட்டிக் குருவி முட்டையிடும் சமதரை. மஞ்சள், உயரமாகவோ திட்டுத்திட்டாகவோ இருக்க வேண்டிய இடத்துக்கு: ஈரப் புல்வெளி, காட்டுப்பூ பூக்கும் மேடு, கார்ன்கிரேக் போன்ற பறவை ஒளிந்து வாழும், உலர்புல்லுக்கு விட்ட வயல். இவை போக ஊற்று, கிணறு, பழைய கல் சுவர், படகு அணையும் இடம், ஆடு தவறி விழக்கூடிய செங்குத்து, நச்சுச்செடி வளரும் மூலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வரைபடம் இல்லாமல் மந்தையைப் பற்றி ஒரு முடிவும் எடுக்காதீர்கள்.

2. எந்த வாய்க்கு எந்தப் புல்

மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வாரி, இழுத்துப் பிய்க்கும். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் புல்லை அதனால் சரியாக எடுக்க முடியாது. அதனால் மாடு மேய்ந்த தரை மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். செத்துக் காய்ந்த கோரையையும் அது வாரித் தின்னும். செம்மறியின் மேலுதடு நடுவில் பிளந்திருப்பதால் மண்ணோடு ஒட்டிக் கடிக்கும், பிடித்ததைப் பொறுக்கியும் கடிக்கும். பூவும் மொட்டும் முதலில் போய்விடும். குதிரைக்கு இரண்டு தாடையிலும் முன்பல் உண்டு, ஆட்டைவிடவும் ஒட்ட வெட்டும். ஆனால் சாணம் போடும் மூலையில் மேயாது, அங்கே புல் கொழுத்து நிற்கும்.

வெள்ளாடு புல்லைவிடப் புதரைத்தான் தேடும். ஆடாதொடை, ஆடுதீண்டாப்பாளை என்று ஆடு தின்னாத செடிக்குத் தனியாகப் பேர் வைத்திருக்கிறோம் என்றால், அது தின்னாதது எவ்வளவு அபூர்வம் என்று பாருங்கள். முள் ஏறிய தீவில் கொஞ்ச காலத்துக்கு வெள்ளாடு நல்ல வேலைக்காரன். வேலி தாண்டிக் காட்டில் கலந்துவிட்டால் பிடிப்பது பெரும்பாடு. காலபகோஸில் சாண்டியாகோ தீவிலிருந்து பல்லாயிரம் ஆடுகளை 2006-க்குள் அகற்றினார்கள். கடைசியில் ஒளிந்திருந்தவற்றைக் கண்டுபிடிக்க, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய ஆடுகளை விட வேண்டியிருந்தது. ஆடு தனியாக இருக்கப் பிடிக்காமல் இனத்தைத் தேடிப் போகும். பின்னாலேயே வேட்டைக்காரரும் போவார். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் வெள்ளாட்டைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பல தீவுகளில் சரியாக வருவது, பெரும்பங்கு செம்மறியும் சில மாடுகளுமாகக் கலந்த மந்தை. இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பால், இறைச்சி, வளர்ச்சி வேகம் பார்க்க வேண்டாம். மட்டமான புல்லில் உடம்பு பிடித்து நிற்குமா, ஆள் உதவியில்லாமல் குட்டி போடுமா, குளம்பு நன்றாக இருக்குமா, இதுதான் கேள்வி. ஹெப்ரிடியன், வெல்ஷ் மலை ஆடு, டெக்ஸ்டர் மாடு போன்ற சிறு உடம்புள்ள பழைய இனங்களைக் காப்பகங்கள் விரும்புவது இதனால்தான். அழகுக்காக ஒன்றும் இல்லை. அழகும் உண்டு என்பது வேறு.

ஓர் எச்சரிக்கை. ஒரு தீவில் பழகிய விலங்கு இன்னொரு தீவுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்காட்லாந்தின் வடக்கு ரொனால்ட்ஸே தீவில் 1832-ல் கட்டிய கல் சுவர் ஒன்று தீவையே சுற்றி ஓடுகிறது. ஆடுகள் சுவருக்கு வெளியே, கடற்கரையில். தண்ணீர் வற்றும்போது பாசி மேயும், ஏறும்போது படுத்து அசைபோடும். கடற்பாசியில் அவற்றுக்குக் கிடைக்கும் தாமிரம் குறைவு. அதனால் கிடைப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் உடம்பாகிவிட்டது. அதே ஆட்டைச் சாதாரணப் புல்வெளியில் விட்டால் தாமிரமே விஷமாகிவிடலாம். பொதுவாகவே செம்மறிக்குத் தாமிரம் ஆகாது. மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக்கட்டியை ஆடு நக்கும் இடத்தில் வைக்கக் கூடாது.

3. எண்ணிக்கையைப் பிப்ரவரியில் போடுங்கள்

ஜூன் மாதம் தீவைப் பார்த்தால் இருநூறு ஆடு வைக்கலாம் என்று தோன்றும். ஜூனில் எல்லாத் தீவும் பணக்காரத் தீவுதான்.

சின்னக் கணக்கு ஒன்று. மேயும் விலங்கு ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டு முதல் மூன்று சதவீதம் தீனி எடுக்கும், ஈரம் நீக்கிய எடையில். 60 கிலோ பெட்டை ஆட்டுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ. உலர்புல்லில் ஈரம் 15 சதவீதம் என்று வைத்தால் ஒன்றே முக்கால் கிலோ உலர்புல். ஐம்பது ஆட்டுக்கு நாளைக்கு 88 கிலோ. புல் கைவிடும் அறுபது நாளைக்கு ஐந்தேகால் டன். 18 கிலோ சின்னக் கட்டாக வாங்கினால் கிட்டத்தட்ட 300 கட்டு. இதைப் படகில் ஏற்றி, அலையில் இறக்கி, மேடேற்றி, நனையாமல் அடுக்க வேண்டும்.

அதுகூடச் செய்துவிடலாம். ஆனால் 300 கட்டு உலர்புல் என்பது வெளியூர்ப் புல்விதை, உள்ளே ஒளிந்த எலி, தீவின் மண்ணுக்குத் தேவையில்லாத உரம், மூன்றும் சேர்ந்து வருவது. ஏழை மண்ணில்தான் காட்டுப்பூ பூக்கும். தீனி போட்ட இடத்தில் நாலைந்து வகைப் புல் மட்டும் கொழுக்கும். அதனால் என் கட்சி இது: வெளித்தீனி இல்லாமல் பிப்ரவரியைத் தாண்டக்கூடிய எண்ணிக்கைதான் உங்கள் எண்ணிக்கை. உலர்புல், புயலில் பத்துப் பதினைந்து நாள் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்கு மட்டும். கோடையில் மீதம் வளரும் புல்லுக்கு என்ன செய்வது என்றால், அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் இளம் மாடுகளைக் கொண்டுவந்து மேய்த்துத் திருப்பி அனுப்பலாம்.

எண்ணிக்கையை யாருமே போடாவிட்டால் குளிர்காலம் போடும். ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் உள்ள ஹிர்டா தீவில், மக்கள் வெளியேறிய இரண்டு வருஷத்துக்குப் பின், 1932-ல், பக்கத்து சோயே தீவிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். யாரும் மேய்ப்பதில்லை, குறைப்பதில்லை. மந்தை 2,000-ஐத் தாண்டும்; ஒரு மோசமான குளிர்காலத்தில் பாதிக்கு மேல் பட்டினியில் செத்துவிழும்; திரும்ப ஏறும். 1985 முதல் ஆராய்ச்சியாளர்கள் அதை ஒவ்வொரு ஆடாகத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷம். உங்கள் பொறுப்பிலுள்ள மந்தையில் அப்படி நடந்தால் அது விலங்கு வதை, பல நாடுகளில் வழக்கும் வரும்.

போட்ட எண்ணிக்கை சரியா என்று புல்லே சொல்லும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வயலிலும் கோணல்மாணலாக நடந்து, முப்பது இடத்தில் அளவுகோல் வைத்துப் புல் உயரம் எழுதுங்கள். சராசரி மட்டும் போதாது. எத்தனை இடம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே, எத்தனை பதினைந்துக்கு மேலே என்பதும் வேண்டும். ஒரு மீட்டர் சதுரத்தில் கம்பிக்கூண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டால், மேயாமல் இருந்தால் என்ன வளரும் என்று ஒப்பிடலாம். அதே கல்லின்மேல் நின்று அதே திசையில் வருஷத்துக்கு இரண்டு படம் எடுங்கள். ஐந்து வருஷம் கழித்து வரும் ஆளுக்கு உங்கள் எழுத்தைவிட அந்தப் படம் அதிகம் சொல்லும்.

4. படகு ஏறும் முன்

தீவுக்கு வரும் ஒவ்வொரு பொருளும் அழைக்காத விருந்தாளியைக் கூட்டி வரும். இங்கிலாந்தின் லண்டி தீவில் எலியை ஒழித்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள்: 2001-ல் சுமார் 300 ஜோடியாக இருந்த மான்க்ஸ் ஷியர்வாட்டர், 2013-ல் 3,000 ஜோடியைத் தாண்டியது. ஒரே ஒரு சினை எலி உலர்புல் கட்டில் வந்தால் இது அத்தனையும் தலைகீழாகும்.

அதனால் தீனி, வைக்கோல், மூட்டை எல்லாவற்றையும் கரையில் மூடிய அறையில் பிரித்துப் பார்த்து, மூடி போட்ட வாளியில் மாற்றி ஏற்றுங்கள். படகு எலி ஏறும் துறைமுகத்தில் ராத்திரி நிற்கக் கூடாது. தீவில் இறங்கு இடத்தைச் சுற்றிச் சாக்லெட் மணக்கும் மெழுகுக் கட்டிகளை வைத்து, மாதாமாதம் பல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எலிப் பல் இரண்டு இணைக்கோடு போடும். நத்தையும் வண்டும் அரித்தால் தடம் வேறு மாதிரி. முதல் தடவை சந்தேகம் வரும், படம் எடுத்துத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

விலங்கோடும் விதை வரும். கம்பளியில் ஒட்டி வருவதற்கு, மயிர் வெட்டிய பிறகு ஏற்றுவது நல்லது. வயிற்றில் வருவதற்கு, விதையில்லாத தீனி போட்டு மூன்று நாலு நாள் கரையிலேயே கட்டி வையுங்கள். பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். நோய்க்கான தனிமையும் அப்போதே: புது விலங்கை மூன்று வாரமாவது பழைய மந்தையோடு கலக்காமல் வைத்து, குளம்பு, தோல், சாணம் பார்த்து, கால்நடை மருத்துவர் சொல்லும் புழு மருந்தைக் கொடுத்த பிறகு மந்தையில் சேர்த்துக்கொள்ளுங்கள். காது வில்லையும் இடமாற்றப் பத்திரமும் உங்கள் நாட்டுச் சட்டப்படி. தீவு என்று யாரும் தள்ளுபடி தரமாட்டார்கள்.

ஏற்றும்போது கத்தக் கூடாது, நாயைக் குரைக்க விடக் கூடாது. படகின் தரையில் வழுக்காத பாய். ஆடுகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் அளவு நெருக்கம். விழுந்தால் எழ முடியாத அளவு நெருக்கம் கூடாது. கடைசி மாதச் சினையையும் பிறந்து சில நாளே ஆன குட்டியையும் ஏற்றவே வேண்டாம். அலை உயரம் பார்த்துப் படகோட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மருத்துவர் கரையில் காத்துக்கொண்டிருந்தாலும்.

5. வேலியும் தண்ணீரும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய கல் சுவர் இருந்தால் அதைச் செப்பனிடுவதுதான் மலிவு. ராத்திரி பறந்து வரும் பறவை கம்பியில் மோதும். பொந்து நிலத்துக்குப் பக்கத்தில் வேலி தாழ்வாக, கம்பி இறுக்கமாக, வெள்ளைத் துண்டுகள் கட்டித் தெரியும்படி இருக்கட்டும். நகர்த்தக்கூடிய மின்வேலி ரொம்ப உதவும், ஆனால் வலையாகப் பின்னிய மின்வேலியைக் கொம்புள்ள ஆட்டுக்குப் போடாதீர்கள். கொம்பு சிக்கினால் விடியும் வரை அடி வாங்கிக்கொண்டே இருக்கும்.

மாட்டுக்கு நாளைக்கு ஐம்பது லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் கூட. பத்து மாடு, பத்து நாள் மழையில்லை என்றால் 5,000 லிட்டர். உங்கள் ஊற்று அதைத் தருமா என்று ஆகஸ்டில் அளந்து பாருங்கள். தராது என்றால் மாட்டைத்தான் குறைக்க வேண்டும், ஊற்றைப் பெருக்க முடியாது. தொட்டியை எங்கே வைக்கிறீர்களோ அங்கேதான் மிதியும் சாணமும் சேரும், அதனால் நல்ல இடத்தில் வைக்காமல் வீணான இடத்தில் வையுங்கள்.

6. வருஷம் எப்படிச் சுற்றும்

செம்மறிக்குச் சினைக்காலம் 147 நாள் அளவில். கிடாயை நவம்பர் 5-ல் விட்டால் முதல் குட்டி ஏப்ரல் 1 வாக்கில் விழும். தீவில் ஏப்ரல் தொடக்கம் இன்னும் புயல்காலம்தான். நாங்கள் இரண்டு வாரம் தள்ளி விடுவோம். புல் வந்த பிறகு குட்டி வந்தால் தாய்க்குப் பால் ஊறும், நமக்குத் தூக்கமும் உண்டு.

மார்ச் கடைசிக்குள் சிவப்பு நிலம் முழுக்கக் காலி. ஆள்காட்டி நிலத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மந்தை சில தலைகளோடு நிற்கட்டும். அதிகமானால் முட்டை மிதிபடும், முழுக்க எடுத்துவிட்டால் குஞ்சு நடக்க முடியாத அளவு புல் ஏறும்.

பெரணியை ஜூன் நடுவில் ஒருமுறை, ஜூலை கடைசியில் ஒருமுறை வெட்டுங்கள். வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதன் பலம் முழுக்க மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். ஒரு வருஷம் வெட்டினால் சிரிக்கும், மூன்று வருஷம் தொடர்ந்து இரண்டுமுறை வெட்டினால்தான் தளரும். பெரணி மாட்டுக்கு விஷம், வேறு தீனி இல்லாதபோதுதான் கடிக்கும். பொந்து இல்லாத இடமாக இருந்தால் குளிர்காலத்தில் மாட்டை அதற்குள் ஓட்டி மிதிக்கவிடுவதும் வேலை செய்யும்.

உலர்புல் வயலை அறுப்பது ஆகஸ்டுக்குப் பிறகு. வழக்கமாக ஓரத்திலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி அறுப்பார்கள். அப்படிச் செய்தால் கார்ன்கிரேக் குஞ்சுகள் உள்ளே உள்ளே ஒதுங்கி, கடைசித் துண்டில் கத்திக்கு மாட்டும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மெதுவாக அறுங்கள். அவை ஓரத்துப் புதருக்கு ஓடிப்போய்விடும்.

செப்டம்பரில் மீதியை அனுப்புவது. அதைப் பற்றிக் கடைசியில்.

7. தினசரி சுற்று

மருத்துவர் வர நாலு நாள் ஆகும் இடத்தில், நோயை ஒரு நாள் முன்னால் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். காலையில் ஒருமுறை எல்லாத் தலையையும் பாருங்கள். எண்ணிவிட்டு வருவதில் பாதி வேலைதான் முடியும். மந்தையிலிருந்து ஒதுங்கி நிற்பது எது, காதைத் தொங்கவிட்டது எது, முன்னங்கால் மடக்கி மேய்வது எது என்று பாருங்கள். மடக்கி மேய்ந்தால் குளம்பு அழுகல். வாலாட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பின்பக்கம் கடித்தால் ஈ முட்டையிட்டிருக்கும். வெதுவெதுப்பான ஈரநாளில் ஒரு நாளுக்குள் புழு பொரித்துச் சதையைத் தின்னத் தொடங்கிவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

கம்பளி கனத்த ஆடு, அதிலும் சினை ஆடு, பள்ளத்தில் மல்லாந்துவிட்டால் தானாக எழாது. வயிற்றில் காற்று ஏறி, சில மணி நேரத்தில் செத்துவிடும். அதற்குள் அண்டங்காக்கை கண்ணைக் கொத்தவும் வரும். விலாப்பக்கம் பிடித்து ஒருக்களித்துப் புரட்டி நிமிர்த்துங்கள், உடனே விடாதீர்கள். கால் மரத்துப்போயிருக்கும், விட்டால் அதே பள்ளத்தில் திரும்ப விழும். இரண்டு முட்டிக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அது ஏப்பம் விட்டு, மூத்திரம் பெய்து, உங்களை முட்டித் தள்ளும் வரை நில்லுங்கள்.

மாதம் ஒருமுறை பட்டியில் அடைத்து முதுகைத் தொட்டுப் பாருங்கள். கடைசி விலாவுக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் விரலை வையுங்கள். எலும்பு கத்தி முனை மாதிரிக் குத்தினால் ஒன்று, அழுத்தினாலும் எலும்பே தட்டுப்படாவிட்டால் ஐந்து. கிடாய் விடும்போது மூன்று இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, கம்பளி எல்லாரையும் ஏமாற்றும்.

பாறை விளிம்பில் இறங்கி மாட்டிக்கொண்ட ஆட்டை மேலிருந்து துரத்தாதீர்கள், நாயை அனுப்பாதீர்கள், கடலில் குதித்துவிடும். பெரும்பாலும் வந்த வழியே தானாக ஏறும்.

நம்ப முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்தின் ஃபூலா தீவில் செம்மறி ஆடுகள் ஆலா என்ற கடற்பறவையின் குஞ்சுகளின் காலையும் தலையையும் கடித்துத் தின்பதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ரம் என்ற தீவில் செம்மான்கள் ஷியர்வாட்டர் குஞ்சுக்கு அதையே செய்கின்றன. தாது குறைந்த மண்ணில் வளரும் புல்லில் கிடைக்காததை எலும்பில் தேடுகின்றன. உங்கள் தீவில் குஞ்சுகள் காலில்லாமல் கிடந்தால் கடற்காகத்தை மட்டும் சந்தேகப்படாதீர்கள். மந்தையின் ரத்தத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் தாது உப்பு கொடுங்கள், கூடுள்ள இடத்திலிருந்து மந்தையை நகர்த்துங்கள்.

8. மருந்து சாணத்தில் போய்ச் சேரும்

கரையில் வருஷத்துக்கு இத்தனை முறை என்று எல்லாத் தலைக்கும் குடற்புழு மருந்து கொடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் அதையே செய்வார்கள். ஐவர்மெக்டின் வகை மருந்துகள் வாரக்கணக்கில் சாணத்தோடு வெளியேறும். அந்தச் சாணத்தில் வண்டின் புழு பிழைக்காது. குளிர்காலத்தில் சஃப் சாணத்தைக் கிளறித்தான் வயிறு வளர்க்கிறது. ஆக, நீங்கள் எந்தக் காக்கைக்காக மந்தை வைத்தீர்களோ அதன் சாப்பாட்டைத்தான் மருந்து கெடுக்கிறது.

முதலில் சாணத்தில் புழு முட்டையை எண்ணச் சொல்லுங்கள். தேவைப்படும் தலைக்கு மட்டும், எடை போட்டு, சரியான அளவு கொடுங்கள். குறைவாகக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழு மிஞ்சும். கொடுத்த விலங்கைச் சில வாரம் பறவை மேயாத வயலில் வையுங்கள். எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதை மருத்துவரிடம் 'சாண வண்டைக் காப்பாற்ற வேண்டும்' என்று சொல்லியே கேளுங்கள், அப்போதுதான் அவர் அந்தக் கோணத்தில் யோசிப்பார். ஈரநிலம் உள்ள தீவென்றால் ஈரல் தட்டைப்புழுவையும் பற்றிக் கேளுங்கள். அது நத்தை வழியாகப் பரவும், அதனால் இலையுதிர்காலத்தில் சேற்று மூலையை வேலியிட்டாலே பாதி குறையும்.

9. மீதியை அனுப்புவது

ஐம்பது பெட்டை ஆடு வசந்தத்தில் அறுபது குட்டி போட்டால், செப்டம்பரில் அறுபது தலை வெளியேற வேண்டும். வயதானது ஏழெட்டு போய், அந்த இடத்துக்கு ஏழெட்டுக் குட்டி நிற்கலாம். வாங்குபவரையும் படகையும் ஜூலையிலேயே பேசி வைத்துவிடுங்கள். அக்டோபரில் காற்று திரும்பிய பிறகு பேசினால், அறுபதும் உங்களோடு குளிர்காலம் கழிக்கும்.

முதல் வருஷம் எல்லாருமே சில தலைகளைக் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள். ஒன்று பாட்டில் பால் குடித்து வளர்ந்தது, ஒன்று கொம்பு அழகு, ஒன்று பின்னாலேயே வரும். நானும் நாலு வைத்தேன். பிப்ரவரியில் பதினோரு நாள் படகு வரவில்லை, சேமித்த உலர்புல்லில் கடைசிக் கட்டை ஒன்பதாம் நாளே பிரித்துவிட்டோம். பன்னிரண்டாம் நாள் முதுகைத் தொட்டுப் பார்த்ததில் மூன்றாக இருந்தவை இரண்டுக்கு இறங்கியிருந்தன. ஒன்றும் சாகவில்லை, ஆனால் அந்த வருஷம் குட்டிகள் எடை குறைந்து பிறந்தன.

செத்த விலங்கை என்ன செய்வது என்பது நாட்டுக்கு நாடு சட்டம். வந்த முதல் மாதமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கிடக்க விட்டால் கடற்காகமும் அண்டங்காக்கையும் பெருகி, வசந்தத்தில் கூடுகளுக்குத் திரும்பும். புதைக்க அனுமதி இருந்தாலும் ஊற்றுக்கு மேல்பக்கமும் பொந்து நிலமும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. தேதி, எந்த வயலில் எத்தனை தலை, புல் உயரம், கொடுத்த மருந்து, பிறப்பு, இறப்பு. இதெல்லாம் எல்லாரும் எழுதுவார்கள். வலது ஓரத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, படகு வந்ததா இல்லையா என்று தினமும் ஒரு எழுத்து எழுதி வையுங்கள். மூன்று குளிர்காலம் அந்தக் கட்டம் நிரம்பினால், எத்தனை கட்டு உலர்புல் சேமிக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.